ஒரு வீட்டுக்கு இரண்டு பச்சை டிக்

ஜாவாவின் கீவேர்டுகளைச் சொல்லுங்கள் என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் நீங்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பீர்கள். கிளாஸ், பப்ளிக், பிரைவேட், ஸ்டேட்டிக், ஃபைனல் என்று வரிசையாக வந்து விழும். இவை மொழி தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட சொற்கள், நம் இஷ்டத்துக்கு வேறு எதற்கும் பெயராக வைக்க முடியாது என்றும் சேர்த்துச் சொல்வீர்கள். கேட்பவர் தலையாட்டுவார், வேலை கிடைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சொற்களைப் பற்றி யாரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். அதனால்தான் நான் பேசுகிறேன்.

டெல்லியில் அரசு அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு பிரிவில் கடைசிப் படியில் சேர்ந்து, அதன் தலைவியாக ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் வேலை பார்த்தவர்கள் என்னைக் கண்டிப்பானவள் என்பார்கள். இன்னும் வேறு பெயர்களும் வைத்திருந்தார்கள், அவை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். போகட்டும்.

கீவேர்டு என்பது கம்ப்யூட்டருக்கு நாம் இடும் கட்டளை என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அது ஒரு புரோகிராமர் இன்னொரு புரோகிராமருக்குச் சொல்லிவைக்கிற வார்த்தை. ஃபைனல் என்று ஒருவர் போட்டிருந்தால், 'யோசித்துத்தான் செய்திருக்கிறேன், இதில் கை வைக்காதே' என்கிறார். பிரைவேட் என்று போட்டிருந்தால், 'உள்ளே எட்டிப் பார்க்காதே' என்கிறார். அந்தச் சொல் இருக்கும்வரை கம்ப்யூட்டர் காவல் காக்கும். ஆனால் சொல்லையே அழிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, விரல் ஒன்று போதும். அப்படி ஒரு சொல்லை அழித்ததால் ஒரு பெண்ணின் வேலையே போக இருந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு பெரிய துறையின் ஊழியர்களுக்கு அரசுக் குடியிருப்பு ஒதுக்கும் மென்பொருள் எங்கள் பொறுப்பில் இருந்தது. டெல்லியில் அரசு ஊழியனுக்கு குவார்ட்டர்ஸ் கிடைப்பது என்றால் என்னவென்று இங்கே வாடகைக்கு இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வழக்கமான ஒதுக்கீடு ஒருபுறம் நடக்கும். நடுவில் யாராவது மாற்றலாகிப் போய் வீடு காலியானால், அதைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திரையில் காட்டுவார்கள். தகுதி உள்ளவர்களில் யார் முதலில் 'சம்மதம்' பட்டனை அழுத்துகிறார்களோ அவர்களுக்கு வீடு. பச்சை டிக் வரும், வாழ்த்துச் சொல்லும், ஒதுக்கீட்டு ஆணையை அங்கேயே அச்சடித்துக்கொள்ளலாம். திங்கள் பத்து மணி என்றால் அந்தத் துறையில் எந்தப் பிரிவிலும் ஃபைல் நகராது.

அப்படி ஒரு திங்கட்கிழமைக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை காலை, கிட்வாய் நகரில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு டெம்போக்கள் வந்து நின்றன. ஒன்றில் கலைச்செல்வியின் சாமான்கள். விழுப்புரம் பக்கத்துப் பெண், அந்தத் துறையில் கிளார்க். கணவர் டிரைவர். நஜஃப்கர் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, பிள்ளைகளை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கு தினமும் பஸ் மாறி பஸ் மாறி அழைத்துப்போய்க்கொண்டிருந்தவள். இன்னொன்றில் நேகி என்பவரின் சாமான்கள். கட்வால் மலைக்காரர், அதே துறையில் உதவியாளர். கலைச்செல்வி பால் காய்ச்சுவதற்குப் பாத்திரமும் ஸ்டவ்வுமாக மாடி ஏறினாள். நேகியின் மனைவி தேங்காயும் சொம்புமாக லிஃப்ட்டில் வந்தார். இரண்டு பேர் கையிலும் அதே வீட்டுக்கான ஆணை.

சண்டை நடந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நடந்தது, ஆனால் அவர்களுக்குள் இல்லை. அவர்கள் இருவரும் கூட்டாகக் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கணினியைத் திறந்து பார்த்தவர்கள் நேகியின் பெயர் மட்டும் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் கலைச்செல்வி வைத்திருப்பது போலி. அரை நாளில் அந்தப் பேச்சு துறை முழுக்கப் பரவிவிட்டது. 'மதராசி மேடம் கம்ப்யூட்டர்லயே ஜால்சாஜி பண்ணிட்டாங்களாம், போலி ஆர்டர் அடிச்சுட்டாங்களாம்' என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை விசாரணை அதிகாரி ஒருவரைப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு விஷயம் தெரியவந்தது எங்கள் டைரக்டர் போன் செய்தபோதுதான். அரை மணி நேரத்தில் ஒரு சான்று வேண்டும் என்றார். வாசகத்தை அவரே சொன்னார்: 'கணினிப் பதிவின்படி மேற்படி வீடு கலைச்செல்வி என்பவருக்கு ஒதுக்கப்படவில்லை.' கீழே என் கையெழுத்து.

நான் பதிவைப் பார்த்தேன். நேகியின் பெயர்தான் இருந்தது. கேட்ட கேள்விக்கு அது நூற்றுக்கு நூறு சரியான பதில். கையெழுத்துப் போட்டிருந்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. இங்கேதான் உங்களை நிறுத்திவைத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். உண்மையான ஒரு வாக்கியத்தை உங்கள் வாயால் சொல்லவைத்து அதைக்கொண்டு ஒரு பொய்யை நிலைநாட்டப் பார்க்கும்போது அது அலுவலகத்தில் மிகவும் மரியாதையாகத்தான் நடக்கும். டீ கூட வரும்.

"சார், பதிவுல இப்ப என்ன இருக்குன்னு சொல்லலாம். அன்னிக்கு என்ன நடந்ததுன்னு புரோகிராம் கோடைப் படிக்காம சொல்லமாட்டேன்" என்றேன்.

"மேடம், இது சிம்பிள் மேட்டர். சிஸ்டம் தப்புப் பண்ணாது."

"சிஸ்டத்தை எழுதினவங்க பண்ணுவாங்க, சார். எனக்கு அவங்களைத் தெரியும்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் கலைச்செல்வியைப் பார்க்கப் போனேன். அலுவலகத்தில் அவளைத் தனியாக ஒரு மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. நான் அந்தக் காகிதத்தைக் கேட்கவில்லை, அதைத்தான் எல்லோரும் கேட்டு அலுத்திருந்தார்கள். அன்றைக்கு எப்படி அழுத்தினாள் என்று கேட்டேன்.

"பத்தடிக்கக் காத்துக்கிட்டே இருந்தேன் மேடம். பட்டன் வந்தவுடனே அமுக்கிட்டேன். பச்சைக் கலர்ல டிக் வந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். எனக்குத்தான் முதல்ல வந்துச்சு மேடம், சொன்னா யாரும் நம்பமாட்டேங்குறாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிக் குடுத்தா வார்னிங்கோட வுட்டுடறேங்கறாங்க. இல்லாட்டி சஸ்பெண்டாம். எழுதிக் குடுத்துடவா மேடம்? பழைய ரூமையும் வேற ஆளுக்கு வுட்டுட்டாங்க."

"சாமானெல்லாம் எங்க இருக்கு?"

"அந்த வீட்டுலதான். நேகி சார் சம்சாரம் ஒரு ரூமை வுட்டுக் குடுத்திருக்காங்க."

அதிகாரிகள் போலி என்று சொன்ன பெண்ணின் சாமானைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள அந்த மலைக்காரிக்கு ஒரு சான்றும் தேவைப்படவில்லை. எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நேகியிடம் போனில் கேட்டேன். அவரும் அதே பத்து மணி, அதே பச்சை டிக் என்றார்.

அன்று மத்தியானமே கோடைத் திறந்தேன். தேட வேண்டியதே இருக்கவில்லை. முதலில் வீடு காலியா என்று பார்க்கிறது, காலி என்றால் பெயரை எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கும் நேரத்தைவிடச் சின்னதாக ஓர் இடைவெளி. மெட்ரோவில் ஒரு சீட் காலியாகிறது. இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் பார்க்கிறார், காலி. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருத்தர் பார்க்கிறார், அவருக்கும் காலி. இருவர் பார்த்ததும் உண்மை, இருவரும் ஒரே நேரத்தில் உட்காரப் போகிறார்கள். மெட்ரோவில் இடித்துக்கொண்டு சிரிக்கலாம். கணினியில் இடிக்காது. இரண்டு பேருக்கும் பச்சை டிக் காட்டிவிட்டு, இரண்டாவதாக எழுதிய பெயரை முதல் பெயரின் மேலேயே எழுதிவிடும். முதலில் வந்தவர் தடயமில்லாமல் போய்விடுவார். கலைச்செல்வி போலி இல்லை. அவள்தான் முதலில் அழுத்தியவள், அதனால்தான் காணாமல் போனாள்.

இதைத் தடுக்கத்தான் ஜாவாவில் சிங்க்ரனைஸ்டு என்று ஒரு கீவேர்டு இருக்கிறது. அதைப் போட்டால், பார்ப்பதிலிருந்து உட்காருவதுவரை ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே, அடுத்தவர் வெளியே நிற்க வேண்டும். பழைய வடிவத்தில் அந்தச் சொல் இருந்தது. இப்போது இல்லை. எங்களிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த நந்தினியைக் கூப்பிட்டேன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மதுரைக்காரர் வீட்டுப் பெண், தமிழ் பாதி இந்தி பாதி.

"மேடம், அது இருந்தப்போ பத்து மணிக்கு சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. டைரக்டர் சாஹப் தினமும் ஜல்தி கரோ, ஜல்தி கரோன்னாங்க. டெஸ்ட் பண்ணேன், சப் டீக் தா, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதான் ஹட்டா தியா, எடுத்துட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "என் கான்ட்ராக்ட் போயிடுமா மேடம்?"

"தனியா உக்காந்துதானே டெஸ்ட் பண்ணினே?"

"ஆமா."

"தனியா உக்காந்தா எப்பவும் சப் டீக்தான். மூஞ்சியைக் கழுவிட்டு வா, வேலை இருக்கு."

விசாரணை அதிகாரியிடம் போய் விளக்கினேன். முன்னாள் ராணுவக்காரரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிற மனிதர், கெட்டவர் இல்லை. "இதெல்லாம் தியரி. எனக்குக் காட்டுங்க" என்றார். நாளைக்குள் காட்டாவிட்டால் சஸ்பென்ஷன் ஆணையில் கையெழுத்தாகிவிடும்.

இந்த மாதிரிப் பிழையோடு போராடியவர்களுக்குத் தெரியும், அது கூப்பிட்டால் வராது. நாம் பார்க்கும்போது சாதுவாக இருக்கும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதத்தைச் சொருகிவிடலாம், நிச்சயமாகத் தெரியும் என்றாள் நந்தினி. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால், 'நீங்களே கோடை மாற்றிவிட்டு நீங்களே பிழையைக் காட்டுகிறீர்கள்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கலைச்செல்வியின் கதை அங்கேயே முடிந்துவிடும். ஓர் எழுத்தைக்கூடத் தொடாதே, அன்றைக்கு இருந்த கோடு அப்படியே ஓடட்டும் என்றேன்.

மறுநாள் காலை எங்கள் பயிற்சி ஹாலில் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் எங்கள் ஊழியர்களை உட்காரவைத்தேன். திரையில் ஒரே ஒரு கற்பனை வீடு. டைரக்டர், விசாரணை அதிகாரி, பின்வரிசையில் கலைச்செல்வியும் நேகியும். பட்டன் தோன்றியது, எல்லோரும் அழுத்தினார்கள். ஒரே ஒரு பச்சை டிக். மறுபடியும் செய்தோம், ஒன்றே ஒன்று. இன்னும் ஒரு முறை, அப்போதும் ஒன்றுதான். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கலைச்செல்வி முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் கோடைப் படித்தவள் நான். அது பொய் சொல்லாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியென்றால் எதையோ நான் அன்றைக்கு இருந்தபடி வைக்கவில்லை.

எங்கள் ஆட்களைப் பார்த்தேன். ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் பக்கத்தில் பேசிக்கொண்டே. ஒரு அம்மாள் சமோசா தின்ற கையைத் துடைத்துவிட்டு நிதானமாக மவுஸைத் தொட்டார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இவர்கள் எல்லோருக்கும் வீடு இருக்கிறது!

"சார், பத்து நிமிஷம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு நேகியிடம் போனேன். "நேகிஜி, உங்க துறையில் திங்கட்கிழமைதோறும் பட்டன் அழுத்தி இன்னும் வீடு கிடைக்காதவங்க இருப்பாங்களே, அவங்களைக் கூட்டிட்டு வரமுடியுமா?"

அவர்கள் அடுத்த கட்டடம்தான். கொஞ்ச நேரத்தில் கும்பலாக வந்துவிட்டார்கள். கிளார்க்குகள், டிரைவர்கள், ஒரு நர்ஸ். இது நிஜ வீடு இல்லை, வெறும் சோதனை என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனால் உட்கார்ந்த விதமே வேறு. முதுகு முன்னால் வளைந்தது, விரல் மவுஸின் மேல் நின்றது, யாரும் யாரிடமும் பேசவில்லை. இடம் மிச்சமிருந்த ஒரு கம்ப்யூட்டரைக் காட்டி, "நீங்களும் வாங்க சார், உங்க கையாலயே பார்த்துடுங்க" என்று விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டேன். அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்ததும் அவர் முதுகும் வளைந்துவிட்டது. அது ஒட்டிக்கொள்கிற வியாதி.

முதல் முறை ஒரு டிக். இரண்டாம் முறையும் ஒன்று. அடுத்த முறை பட்டன் தோன்றியதும் ஹால் முழுக்க ஒரே 'டக்' சத்தம்.

"மில் கயா! கிடைத்துவிட்டது!" என்று அதிகாரி துள்ளினார். அவர் திரையில் பச்சை டிக், கீழே வாழ்த்துச் செய்தி. அவர் முகத்தில் சிறுபிள்ளைச் சிரிப்பு.

எதிர் வரிசையில் ஒரு டிரைவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "சாப்ஜி, எனக்கும் வந்திருக்கு."

"அதெப்படி? பெஹ்லே முஜே மிலா! எனக்குத்தான் முதலில் வந்தது!" என்றார் அதிகாரி.

கலைச்செல்வி தலையை நிமிர்த்தினாள். இத்தனை நாளாக அவள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது, அட்சரம் பிசகாமல்.

நான் நந்தினியிடம் பதிவைத் திறந்து பெரிய திரையில் காட்டச் சொன்னேன். வீட்டுக்கு நேரே ஒரே ஒரு பெயர், டிரைவருடையது.

"சார், பதிவில் உங்க பெயர் இல்லை" என்றேன். "உங்க திரையில் இருக்கிறதுக்குப் பேர் போலி. கணினிப் பதிவின்படி வீடு உங்களுக்கு ஒதுக்கப்படவில்லைன்னு இப்பவே சான்று எழுதறேன், கையெழுத்துப் போட்டுடவா?"

கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்த மனிதர் திரையைப் பார்த்தார், தன் பச்சை டிக்கைப் பார்த்தார், எழுந்து நேராகப் பின்வரிசைக்குப் போனார். "பெஹன்ஜி, எனக்கும் டிக் வந்தது. என் பெயரும் இல்லை. நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்" என்றார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போதுதான் அழுதாள். நேகி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

யார் அந்தச் சொல்லை எடுத்தது என்று டைரக்டர் கேட்டார். எங்கள் பிரிவு எடுத்தது, வேகம் வேண்டும் என்று தினமும் கேட்டதால் எடுத்தது, பிரிவுக்குத் தலைவி நான் என்றேன். தினமும் கேட்டது யார் என்று அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை. சிங்க்ரனைஸ்டு என்ற சொல்லை நந்தினியே தன் கையால் திரும்பப் போட்டாள். நீங்கள் அந்தச் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு சர்வருக்குள்தான் அதன் அதிகாரம் செல்லும், எங்களுக்கு அப்போது இருந்தது ஒரு சர்வர். பல சர்வர் ஓடும் இடத்தில் பூட்டை டேட்டாபேஸில் போட வேண்டும். இன்றைக்கு கோடை எழுதித் தர எந்திரமே வந்துவிட்டது. எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு முதுகு வளைந்து உட்காருகிறவர்கள் யாரென்று அதற்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் அழுத்தியவள் என்பதால் அடுத்துக் காலியான வீட்டைக் கலைச்செல்விக்குக் கொடுத்தார்கள். அதே கிட்வாய் நகரில், இரண்டு கட்டடம் தள்ளி. பால் காய்ச்சுகிற அன்று என்னையும் கூப்பிட்டாள். போனால் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நேகியின் மனைவி நின்று, பால் பொங்கும்போது ஏன் அடுப்பை அணைக்கக்கூடாது என்று மிகுந்த சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். "பொங்கட்டும் தீதி, அதுக்குத்தான் இவ்ளோ பாடு" என்றாள் கலைச்செல்வி.

இப்போது அந்தப் பிரிவை நடத்துவது நந்தினி. போன மாதம் போன் செய்தாள். புதிதாக வந்திருக்கும் மேலதிகாரி, பத்து மணிக்கு சிஸ்டம் மந்தமாக இருக்கிறது, அந்தப் பூட்டு எதற்கு, எடுத்துவிடு என்கிறாராம்.

"நீ என்ன சொன்னே?"

"எடுக்கறேன் சார்னேன். அதுக்கு முன்னாடி டெஸ்ட் சிஸ்டத்துல மட்டும் பூட்டை எடுத்துட்டு, வீடு இல்லாதவங்களை எல்லாம் ஹாலுக்குக் கூப்பிடறேன், நீங்களும் நடுவுல வந்து உக்காந்து ஒரு தடவை பட்டனை அமுக்குங்கன்னேன்."

"வந்து உக்காந்தாரா?"

"உக்காந்தார் மேடம். மூணாவது தடவையில அவருக்கு டிக் வந்துச்சு, பக்கத்துல ஒரு கிளார்க்குக்கும் வந்துச்சு. 'பெஹ்லே முஜே மிலா'ன்னு கத்தினார்."